தாவுல் கோயிலின் சுவர் மலையில், ஓவியம் பார்சிலோனாவில்: ஏன்?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். ஸ்பெயின் நாட்டின் பிரெனீஸ் மலையில் தாவுல் என்ற சின்ன ஊருக்குப் போன ஒருவர், அங்கே 900 ஆண்டு பழைய கோயில் ஒன்றுக்குள் நுழைந்திருக்கிறார். பீடத்துக்குப் பின்னால் இருக்கும் வளைந்த சுவரில் புரொஜெக்டர் வழியாக ஓர் ஓவியம் கோடு கோடாக எழுந்து, நிறம் ஏறி, சில நிமிடங்களில் அணைந்துபோயிருக்கிறது. அசல் ஓவியம் பார்சிலோனா அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று அங்கே சொன்னார்களாம். "சுவரில் வரைந்ததை எப்படிப் பெயர்த்துக்கொண்டு போக முடியும்? எதற்காகப் பெயர்த்தார்கள்? அந்த மலைக்கிராமத்தில் இவ்வளவு பெரிய ஓவியத்தை யார் வரையச் சொன்னது? அதைத் திருப்பித் தரக்கூடாதா?" நான்கு கேள்விகள். நான்கும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதால், கேட்டவரிடமே பேசுவதுபோலக் கதையாகவே சொல்லிவிடுகிறேன்.

கோயிலின் பெயர் சான்ட் கிளிமென்ட், நம் வழக்கில் புனித கிளமெந்து ஆலயம். ஊர், பார்சிலோனாவைத் தலைநகராகக் கொண்ட கத்தலோனியாவின் லெய்தா மாகாணத்தில், போயீ பள்ளத்தாக்கில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்தக் கோயிலைப் பொறுத்தவரை நமக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம், அதன் பிறந்தநாள் தெரியும் என்பது. அந்தக் காலத்துக் கிராமக் கோயில்கள் பெரும்பாலானவற்றுக்கு "11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி", "12ஆம் நூற்றாண்டின் தொடக்கம்" என்று தோராயமாகத்தான் சொல்ல முடியும். இங்கே உள்ளே ஒரு தூணில் லத்தீனில் வண்ணத்தால் எழுதியே வைத்தார்கள்: ஆண்டவர் மனிதரான 1123ஆம் ஆண்டில், டிசம்பர் 10 அன்று, பர்பாஸ்த்ரோ ஆயர் (பிஷப்) ரைமுந்து வந்து, மறைசாட்சியான (மதத்துக்காக உயிர்விட்ட) புனித கிளமெந்துவின் பெயரால் இந்தக் கோயிலை அர்ச்சித்தார் (அதாவது வழிபாட்டுக்கு அர்ப்பணித்தார்), ஆயரும் மறைசாட்சியுமான புனித கொர்னேலியுவின் அருளிக்கத்தை (புனிதரின் உடல் எச்சம் போன்ற நினைவுப்பொருளை) பீடத்தில் வைத்தார்.

டிசம்பர் மாதம், 1,500 மீட்டர் உயரம், மலைப்பாதை. அந்தக் குளிரில் ஓர் ஆயர் ஏறி வந்திருக்கிறார். வந்தவர் அதோடு திரும்பவும் இல்லை. மறுநாள், டிசம்பர் 11 அன்று, அதே ஊரின் நடுவில் இருக்கும் புனித மரியா ஆலயத்தையும் அர்ச்சித்தார். ஒரே சின்ன ஊர், ஒரே ஆயர், அடுத்தடுத்த நாளில் இரண்டு கோயில்கள். இதைப் படித்தபோதுதான் இது வெறும் பக்திக் கதை மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது.

அந்த ரைமுந்து பிற்காலத்தில் ரோதா நகரத்துப் புனித ராமோன் என்று வணங்கப்பட்டவர். பிரெஞ்சுப் பக்கத்திலிருந்து வந்தவர். பர்பாஸ்த்ரோவில் ஆயராக இருந்த அவரை, எல்லைத் தகராறில் பக்கத்து வெஸ்கா மறைமாவட்டத்து (ஓர் ஆயரின் ஆளுகைப் பகுதி) ஆயர் சில ஆண்டுகளுக்கு முன்பே பலவந்தமாக வெளியேற்றிவிட்டார். ஆனாலும் தாவுல் தூணில் அவர் "பர்பாஸ்த்ரோ ஆயர்" என்றுதான் எழுதப்பட்டிருக்கிறார். துரத்தப்பட்ட ஊரின் பட்டத்தை அவர் விடவில்லை. போயீ பள்ளத்தாக்கே அப்போது இரண்டு மறைமாவட்டங்களுக்கு இடையில் இழுபறியில் இருந்தது: ஒரு பக்கம் ராமோனின் ரோதா, இன்னொரு பக்கம் ஊர்ஹேல். அப்படி ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு நாளில் இரண்டு கோயிலை அர்ச்சித்து, தன் பெயரையும் தூணில் எழுதவைத்தால், "இது எங்கள் எல்லை" என்று சொல்வதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. பின்னால் பள்ளத்தாக்கு ஊர்ஹேலுக்குத்தான் போனது. ராமோன் 1126இல் இறந்துவிட்டார்.

பணம்? அது எரில் குடும்பத்துப் பிரபுக்களிடமிருந்து வந்தது என்பதே வரலாற்று ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்வது. பள்ளத்தாக்கு அவர்கள் கையில் இருந்தது. அரகோன் அரசர் முதலாம் அல்போன்சோ தெற்கே முஸ்லிம் அரசுகளோடு போரிட்டு 1118இல் சரகோசாவைப் பிடித்தார் இல்லையா, அந்தக் காலத்துப் படையெடுப்புகளில் எரில் குடும்பமும் இருந்தது. போரில் சேர்ந்த செல்வம் மலைக்குத் திரும்பி வந்து கல்லாகவும் வண்ணமாகவும் மாறியது. அதனால்தான் ஒரு குறுகிய பள்ளத்தாக்கில், ஒரே பாணியில், கிட்டத்தட்ட ஒரே தலைமுறைக் காலத்தில் இத்தனை கோயில்கள். 2000ஆம் ஆண்டு நவம்பரில் யுனெஸ்கோ இவற்றை உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது ஒன்பது கோயில்களைச் சேர்த்து ஒரே பதிவாகத்தான் எடுத்துக்கொண்டது. தாவுல் ஊரின் இரண்டு, போயீ, எரில் லா வால், பருவேரா, கார்தெத், கோல் ஊர்களில் ஒவ்வொன்று, துர்ரோவில் ஊர்க்கோயிலும் மேட்டில் தனியே நிற்கும் சின்னக் கோயிலும்.

இப்போது கட்டடம். "ரோமனெஸ்க்" என்ற சொல்லை அதைக் கட்டியவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. 1818 வாக்கில் பிரான்சில் ஓர் அறிஞர் உண்டாக்கிய பெயர் அது. பழைய ரோமானியக் கட்டடக்கலையின் வட்ட வளைவும் கனத்த சுவரும் கொஞ்சம் கரடுமுரடாகத் திரும்பி வந்ததைக் குறிக்க வைத்த பெயர். சான்ட் கிளிமென்டில் அதை அப்படியே பார்க்கலாம். நடுவில் ஒரு கூடம், இரு பக்கமும் பக்கத்துக்கு ஒன்றாகச் சிறிய கூடம், நடுவில் உருண்டைத் தூண் வரிசை, மேலே கல் வளைவு போடாமல் மரச்சட்டத்தில் கூரை, அதன்மேல் சிலேட் கல். ஒவ்வொரு கூடத்தின் கிழக்கு முனையிலும் அரைவட்டமாக வெளியே புடைத்த சுவர். நடுவில் இருக்கும் பெரிய அரைவட்டத்தில்தான் நீங்கள் பார்த்த ஓவியம்.

வெளியே நின்று அந்த அரைவட்டச் சுவர்களைக் கவனித்தீர்களா? கூரைக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சின்னக் குருட்டு வளைவுகள் (திறப்பு இல்லாமல் சுவரோடு ஒட்டியவை), நடுநடுவே தரைவரை இறங்கும் மெல்லிய பட்டைகள். இதற்கு லொம்பார்துப் பட்டை என்று பெயர். வட இத்தாலியின் லொம்பார்தியாவிலிருந்து கிளம்பிய கொத்தர்கள் ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய கைவேலை. எடுத்து ஒட்டிய அலங்காரம் போலத் தெரியும், ஆனால் சுவரோடு சேர்த்தே கட்டப்பட்டது. சுவருக்கு இழுத்துப் பிடிக்கும் பலத்தையும் கொடுக்கிறது, மதிய வெயிலில் வெறும் கருங்கல் பரப்பில் நிழலையும் கொடுக்கிறது. தென்கிழக்கு மூலையில் நிற்கும் சதுர மணிக்கூண்டுக்கு அடித்தளத்துக்கு மேல் ஆறு அடுக்கு. ஒவ்வொரு அடுக்கும் அதே குருட்டு வளைவில் முடிகிறது. கனமான கீழ்ப்பகுதிக்கு மேல் ஜன்னல்கள் வழியே வானம் தெரிவதால்தான் அந்தக் கூண்டு அவ்வளவு உயரமாகவும் இலேசாகவும் படுகிறது.

சரி, ஓவியத்துக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புரொஜெக்டர் ஒளியில் நீங்கள் பார்த்தது ஓடிவிடும். எதைப் பார்த்தோம் என்று மனதில் நிற்காது.

நடுவில் கிறிஸ்து. பாதாம் பருப்பு வடிவத்து ஒளிவட்டத்துக்குள், ஒரு வில்லின்மேல் உட்கார்ந்திருக்கிறார், கால்கள் அரைக்கோளத்தின்மேல். வானம் அரியணை, பூமி கால்மணை. வலது கை ஆசீர்வதிக்க உயர்ந்திருக்கிறது. இடது கையில் திறந்த புத்தகம். அதில் "ஏகோ சும் லுக்ஸ் முந்தி", அதாவது "உலகின் ஒளி நானே" என்று யோவான் நற்செய்தியின் வரி. தோளுக்கு இரு பக்கமும் ஆல்ஃபா, ஒமேகா என்ற இரண்டு கிரேக்க எழுத்துகள், கோயில் விளக்குப் போலத் தொங்குகின்றன. முகத்தைத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்: நீண்ட மூக்கு, புருவம் இரண்டும் மூக்கோடு சேர்ந்து ஓடும் ஒரே கோடு, தோளில் இரண்டு பக்கமும் சமமாக விழும் முடி. அளவுகோல் வைத்து வரைந்தது போன்ற ஒழுங்கு. ஆனால் அந்தக் கண்ணுக்குக் கீழே நின்று பார்த்தால் ஒழுங்கைப் பற்றிய நினைப்பே வராது. தீர்ப்பு நாளில் வரும் கிறிஸ்து அவர். கீழே நின்ற ஆட்டு மேய்ப்பர்களுக்கு லத்தீன் தெரியாது. அந்தப் பார்வை போதுமானதாக இருந்திருக்கும்.

சுற்றிலும் நான்கு நற்செய்தியாளர்கள், திருவெளிப்பாட்டு நூலில் சொல்லப்படும் நான்கு உயிர்களின் வடிவத்தில். மத்தேயுவுக்கு மனித உருவம், யோவானுக்குக் கழுகு, மாற்குவுக்குச் சிங்கம், லூக்காவுக்கு எருது. எனக்குப் பிடித்த இடம் இங்கே இருக்கிறது. சிங்கத்தையும் எருதையும் இரண்டு வானதூதர்கள் கூட இருந்து தாங்குகிறார்கள்: ஒருவர் சிங்கத்தின் பின்னங்காலைப் பிடித்திருக்கிறார், மற்றவர் எருதின் வாலைப் பிடித்திருக்கிறார். மாடு வளர்க்கும் ஊரில், திமிறும் கன்றை எப்படிப் பிடிப்பார்கள் என்று பார்த்த கைதான் இதை வரைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும். ஓரங்களில் ஆறு சிறகுள்ள தூதர்கள்; சிறகெல்லாம் கண்கள்.

கீழ் வரிசையில் தூண்களுக்கும் வளைவுகளுக்கும் நடுவே திருத்தூதர்களும் அன்னை மரியாவும், அவரவர் பெயரோடு. மரியாவின் கை மேலாடையால் மூடியிருக்கிறது. அந்த மூடிய கையில் ஒரு பாத்திரம், அதிலிருந்து செந்நிறக் கதிர்கள். பாத்திரத்தைப் பற்றி எவ்வளவோ கற்பனைக் கதைகள் பிறந்திருக்கின்றன. நான் அதில் நுழையவில்லை. புனிதமான பொருளை வெறுங்கையால் தொடக்கூடாது என்ற மரியாதை அந்த மூடிய கையில் இருக்கிறது, எனக்கு அது போதும்.

நடு வளைவுக்கு முன்னால் உள்ள வளைவில் கடவுளின் கை, ஏழு கண்ணுள்ள ஆட்டுக்குட்டி. ஒரு பக்கத்தில் லாசர். லூக்கா நற்செய்தியில் பணக்காரன் வீட்டு வாசலில் புண்ணோடு கிடக்கும் ஏழை. நாய் ஒன்று அவன் புண்ணை நக்குகிறது. மேலே அத்தனை மகிமையும் அமர்ந்திருக்க, கண் மட்டத்தில் ஒரு பிச்சைக்காரனும் ஒரு நாயும். இதை அந்த இடத்தில் வைத்தவர் ஓவியராக இருந்தாலும் சரி, அவருக்குச் சொல்லிக்கொடுத்த குருவாக இருந்தாலும் சரி, யோசித்துத்தான் வைத்திருக்கிறார்.

ஓவியர் பெயர் தெரியாது. "தாவுல் ஆசான்" என்று அழைக்கிறார்கள். கோட்டின் உறுதியையும் பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசின்) வழக்கின் சாயலையும் பார்த்து, இத்தாலியப் பயிற்சி உள்ளவர் என்று பலர் நினைக்கிறார்கள். ராமோனின் சொந்தப் பேராலயமான ரோதா தே இசாவெனாவிலும் இதே கையோடு தொடர்புள்ள ஓவியம் இருப்பதாகக் கருதப்படுவதால், ஆயரே ஆளை அனுப்பியிருக்கலாம். முறை நாம் அறிந்ததுதான்: ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின்மேல் வண்ணம் வைப்பது. சுண்ணாம்பு காற்றோடு சேர்ந்து இறுகும்போது வண்ணமும் அதோடு கல்லாகிவிடும். நுணுக்கமான கடைசிக் கோடுகளைக் காய்ந்த பிறகு போட்டார்கள். அந்த நீலம் தூர தேசத்து விலையுயர்ந்த கல் இல்லை. ஏரினைட் என்று ஒரு கனிமம், பிரெனீஸ் பகுதியிலேயே கிடைப்பது. வந்தவர் வெளியூர்க்காரராக இருந்தாலும் வானத்தின் நிறத்தை உள்ளூர் மண்ணிலிருந்துதான் எடுத்திருக்கிறார்.

அப்புறம் பல நூற்றாண்டு மௌனம். போர்முனை தெற்கே நகர்ந்தது, எரில் குடும்பத்தின் கவனமும் நகர்ந்தது, பள்ளத்தாக்கு ஏழையானது. வசதியான ஊர்களில் பழைய கோயிலை இடித்துக் கோதிக் பாணியிலும் பரோக் பாணியிலும் புதிதாகக் கட்டிக்கொண்டார்கள். இங்கே அதற்குக் காசு இல்லை. அந்த வறுமைதான் இந்தக் கோயில்களைக் காப்பாற்றியது. சான்ட் கிளிமென்டில் பீடத்துக்குப் பின்னால் மர ஓவியப் பலகை ஒன்றை நிறுத்தி வைத்தார்கள். அதன் பின்னால் பெரிய ஓவியத்தின் பெரும்பகுதி மறைந்துபோனது. மேலே கொஞ்சம் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

1907இல் பார்சிலோனாவில் புதிதாகத் தொடங்கிய கத்தலான் ஆய்வு நிறுவனம் ஒரு குழுவை மலைக்கு அனுப்பியது. தலைமை, கட்டடக்கலைஞரும் அரசியல்வாதியுமான ஹுசெப் புய்க் இ கதஃபால்க். கூடவே பாதிரியார் ஹுசெப் குதியோல், புகைப்படக்காரர் அதோல்ஃப் மாஸ். கோவேறு கழுதைகளில் ஊர் ஊராகப் போய் அளந்தார்கள், படமெடுத்தார்கள், குறிப்பெடுத்தார்கள். கத்தலோனியா தன் மொழியையும் வரலாற்றையும் தேடிக்கொண்டிருந்த காலம் அது. தங்கள் நாட்டின் குழந்தைப் பருவம் அந்தச் சுவர்களில் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றியது. சுவரோவியங்களின் படிகளை ஓவியர்களைக் கொண்டு எழுதவைத்து, தொகுதி தொகுதியாக வெளியிடவும் தொடங்கினார்கள்.

அந்த வெளியீடு நன்மையும் செய்தது, தீமையும் செய்தது. புத்தகத்தைப் படித்தவர்களில் பழம்பொருள் வியாபாரிகளும் இருந்தார்கள்.

1919இல் விஷயம் வெடித்தது. அதே லெய்தா மாகாணத்தில் மூர் என்ற இடத்தில் உள்ள புனித மரியா கோயிலின் அரைவட்ட ஓவியத்தை லூயிஸ் பிளந்தியுரா என்ற பார்சிலோனாத் தொழிலதிபர் வாங்கினார். அதைச் சுவரிலிருந்து உரித்தெடுத்தவர் பிராங்கோ ஸ்டெஃபனோனி என்ற இத்தாலியர். ஓவியம் கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. 1921இல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. தடுக்கச் சட்டம் இல்லை. விற்றவர்களும் வாங்கியவர்களும் சட்டப்படி எந்தத் தப்பும் செய்யவில்லை.

மற்ற கோயில்களுக்கும் வியாபாரிகள் ஏற்கெனவே வலை விரித்திருந்தார்கள் என்று தெரிந்ததும், பார்சிலோனாவின் அருங்காட்சியக வாரியம் விழித்துக்கொண்டது. அங்கே முன்னின்றவர் ஹொவாகிம் ஃபொல்க் இ தொர்ரெஸ். சுவரிலேயே விட்டுக் காவல் காக்க வழியில்லை. விட்டால் அடுத்த ஆண்டு கப்பலில் இருக்கும். ஆகவே வாங்கி, உரித்து, பார்சிலோனாவுக்குக் கொண்டுவருவது என்று முடிவு. வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? மூரில் உரித்த அதே ஸ்டெஃபனோனியிடம். அந்தக் கலை தெரிந்தவர் அவர்தான். 1919 முதல் 1923 வரை, தாவுல், போயீ உட்படப் பல ஊர்க் கோயில்களில் அந்த வேலை நடந்தது.

உங்கள் முதல் கேள்விக்கு இங்கே பதில். இத்தாலிய மொழியில் ஸ்ட்ராப்போ என்பார்கள். "பிடுங்கு" என்று பொருள். பெயருக்கேற்ற வேலைதான். ஓவியத்தின் முகத்தில் துணியை வைத்து, எலும்பு, தோல் காய்ச்சி எடுக்கும் பசையைச் சூடாகப் பூசி ஒட்டுவார்கள். நம் தச்சர்கள் வச்சிரம் என்பார்களே, அந்த வகைப் பசை. ஒரு துணிக்கு மேல் இன்னொன்று. பசை காயும்போது சுருங்கும். சுருங்கும்போது வண்ணத் தோலை இறுகப் பிடித்துக்கொள்ளும். பிறகு ஓரங்களை வெட்டி, மெதுவாக இழுத்தால், சுண்ணாம்புச் சுவரிலிருந்து வண்ணத்தின் மேல்படலம் மட்டும் துணியோடு கழன்று வரும். கம்பளம் போலச் சுருட்டி, கோவேறு கழுதைமேல் ஏற்றி மலையிறக்கினார்கள். பார்சிலோனாவில் அதைக் கவிழ்த்துப் போட்டு, முதுகில் புதிய துணியைச் சுண்ணாம்பு கலந்த வேறு பசையால் ஒட்டினார்கள். அந்தப் பசை தண்ணீருக்கு இளகாது. முன்பக்கத்துப் பழைய பசையோ வெந்நீருக்குக் கரைந்துவிடும். முன்துணியை உரித்தால் ஓவியம் திரும்பத் தெரியும். கடைசியில், கோயிலின் வளைவை அளந்து மரத்தில் செய்த ஓர் அரைவட்டக் கூட்டில் அதைப் பொருத்தினார்கள். உயரம் 6 மீட்டருக்கு மேல்.

முதலில் நகரின் சியுதாதெல்லா பூங்காவில் இருந்த அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 1934இல் மொன்ஹுயிக் குன்றின்மேல் இருக்கும் இன்றைய மாளிகைக்கு மாறியது; இப்போது அதன் பெயர் கத்தலோனிய தேசியக் கலை அருங்காட்சியகம். அதே 1934இல் பிக்காசோ அந்த ஓவியங்களைப் பார்க்க அங்கே வந்திருக்கிறார். பிளந்தியுராவின் கதைக்கும் ஒரு திருப்பம் உண்டு. 1932இல் அவருடைய சேகரிப்பையே அருங்காட்சியகம் விலைக்கு வாங்கிவிட்டது.

இனி கடினமான கேள்வி. எடுத்தது சரியா?

அன்றைய நிலையில் சரி என்றுதான் நான் நினைக்கிறேன். மூர் ஓவியம் பாஸ்டனில் இருப்பதே என் காரணம். கத்தலோனிய மலைக்காரர் ஒருவர் தன் ஊர் ஓவியத்தைப் பார்க்க அட்லாண்டிக் கடலைத் தாண்ட வேண்டும். தாவுல்காரர் பார்சிலோனாவுக்கு ஒரு பேருந்து பிடித்தால் போதும். பதினைந்து ஆண்டுகளுக்குள் வந்த உள்நாட்டுப் போரில் எத்தனையோ கோயில்கள் எரிந்தன என்பதையும் நினைக்க வேண்டும். ஆனால் இழப்பே இல்லை என்று பேசுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்தக் கிறிஸ்து கிழக்கு ஜன்னலின் ஒளியில், எரியும் மெழுகுத்திரியின் அசைவில், பீடத்தில் அப்பம் உயரும் நேரத்தில் பார்க்கப்படுவதற்காக வரையப்பட்டவர். அருங்காட்சியகத்தில் வெப்பநிலையும் ஈரப்பதமும் கட்டுப்பாட்டில் இருக்கும் ஓர் அறையில் இருக்கிறார். ஓவியம் பத்திரமாக இருக்கிறது. முழங்காலிட்டு நிமிர்ந்து பார்க்கும் இடம் அதோடு கூட வரவில்லை.

திருப்பித் தரலாமா என்றால், இன்று அது சட்டத்தைவிடப் பொருளைச் சார்ந்த கேள்வி. சுவரில் இருந்தபோது அது சுவர். இப்போது அது துணியும் பசையும் மரமும் சேர்ந்த வேறு ஒரு பொருள், நூறு ஆண்டு வயதானது. மலையில் குளிர்காலத்துக்கும் கோடைக்கும் உள்ள ஈரப்பத வித்தியாசத்தை அது தாங்குமா என்பது பெரிய சந்தேகம். இதே மாதிரி ஒரு வழக்கைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம்: அரகோன் மாநிலத்து சிஹேனா மடத்தின் சுவரோவியங்கள். 1936இல் மடம் எரிந்த பிறகு பெயர்த்தெடுக்கப்பட்டு, இதே அருங்காட்சியகத்துக்கு வந்தவை. நீண்ட வழக்குக்குப் பின் 2025 மே மாதம் ஸ்பெயின் உச்ச நீதிமன்றம் அவற்றைத் திருப்பித் தரச் சொன்னது. பெயர்த்தால் பாழாகும் என்பது அருங்காட்சியகத்தின் கவலை. ஆனால் தாவுல் விஷயத்தையும் அதையும் ஒன்றாகப் பேசக் கூடாது. சிஹேனாவில் உரிமையே யாருடையது என்ற வழக்கு. தாவுல் ஓவியங்கள் விலை கொடுத்து வாங்கப்பட்டவை.

உரித்தெடுத்த பிறகு பல ஆண்டுகள் கோயிலின் அரைவட்டம் வெறுமையாகக் கிடந்தது. 1960 வாக்கில் அங்கே ஒரு நகலை வரைந்து வைத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் அதைத்தான் பார்த்தார்கள். 2013இல் துணிந்து ஒரு முடிவெடுத்து அந்த நகலை அகற்றினார்கள். அடியில் இருந்ததுதான் ஆச்சரியம். ஸ்ட்ராப்போ மேல்படலத்தை மட்டுமே எடுக்கும் என்று சொன்னேன் அல்லவா? சுண்ணாம்புக்குள் ஊறியிருந்த வண்ணம் அங்கங்கே நிழல் போலத் தங்கியிருந்தது. உரிக்காமலே விட்டுப்போன பகுதிகளும் வெளிவந்தன. பைபிளில் வரும் அண்ணன் காயின் தம்பி ஆபேலைக் கொல்லும் காட்சி அவற்றில் ஒன்று. அந்த மிச்சங்களைத் துடைத்து, பலப்படுத்தி, சுவரில் எதுவும் ஒட்டாமல் ஒளியை மட்டும் பாய்ச்சும் ஏற்பாட்டைச் செய்தார்கள். நீங்கள் பார்த்தது அதைத்தான். பலருக்கு இது சினிமா மாதிரி இருக்கிறது என்று குறை. எனக்கு அது நேர்மையான வழியாகப் படுகிறது. நகல் இருந்தபோது, அதையே அசல் என்று நம்பிப் போனவர்கள் உண்டு. இப்போது ஒளி அணைந்ததும், எது போய்விட்டது, எது மிஞ்சியிருக்கிறது என்று சுவரே காட்டுகிறது.

மீதி ஊர்களைப் பற்றி ஓரிரு வார்த்தை. தாவுல் புனித மரியா ஆலயம் இன்றும் ஊரின் பங்குக்கோயில். அதன் ஓவியங்களும் பார்சிலோனாவில், நடுவில் கிறிஸ்துவுக்குப் பதில் மடியில் குழந்தையோடு மரியா. போயீ ஊர் யோவான் ஆலயத்தில் இருந்து வந்த புனித ஸ்தேவானைக் கல்லெறியும் காட்சியைத் தவறவிடாதீர்கள். எரில் லா வால் கோயிலில் 1907 குழு கண்டெடுத்தது ஒரு மரச்சிற்பக் கூட்டம்: கிறிஸ்துவைச் சிலுவையிலிருந்து இறக்கும் காட்சி, ஏழு உருவங்கள். அதில் மரியாவும் யோவானும் பார்சிலோனாவில், மற்ற ஐந்தும் விக் நகரத்து ஆயரக அருங்காட்சியகத்தில். மகனை இறக்கும் நேரத்தில் தாயை மட்டும் வேறு ஊரில் வைத்திருக்கிறார்கள். சுவரோவியத்துக்காவது காரணம் சொல்ல முடியும். தனித்தனியாகத் தூக்கி நகர்த்தக்கூடிய இந்த மரச்சிலைகளை ஏன் ஒரே இடத்தில் சேர்க்கக்கூடாது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

கேட்காவிட்டாலும் இதையும் சேர்க்கிறேன். கோயிலோடு சேர்ந்து ஊரும் உயிரோடு இருக்கிறது. கோடையில் ஓர் இரவு, ஊர் இளைஞர்கள் மலைமேல் தீ மூட்டி, எரியும் தீப்பந்தங்களைத் தோளில் சுமந்து வரிசையாகத் தாவுலுக்குள் இறங்குவார்கள். ஃபாயெஸ் என்று பெயர். பிரெனீஸின் இந்தத் தீத் திருவிழாக்களை அந்தோரா, பிரான்ஸ், ஸ்பெயின் மூன்று நாட்டுக்கும் பொதுவான மரபாக யுனெஸ்கோ 2015இல் பதிவு செய்தது. இருட்டில் அந்த நெருப்பு வரிசை மலைச்சரிவில் வளைந்து இறங்குவதையும் மணிக்கூண்டையும் ஒரே பார்வையில் பார்க்கும்படி நின்றால் நல்லது.

அடுத்த முறை போவதாக இருந்தால் என் யோசனை இது. முதலில் மலைக்குப் போங்கள், பிறகு பார்சிலோனா. கோயிலில் ஒளிக்காட்சி முடிந்ததும் கூட்டம் எழுந்து வெளியே போகும், நீங்கள் போகாதீர்கள். அடுத்த காட்சி தொடங்கும்வரை கிடைக்கும் நேரத்தில், பீடத்துக்கு முன்னால் நின்று கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருங்கள். மங்கிய செம்மையும் நீலமும் சுவரில் ஒவ்வொன்றாகத் தென்படும். அப்புறம் பார்சிலோனாவில் அந்த ஓவியத்துக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு, அதன் பின்பக்கமும் போய்ப் பாருங்கள். போக வழி விட்டிருக்கிறார்கள். கவிழ்த்து வைத்த படகின் உட்பக்கம் போல மரச்சட்டங்கள் தெரியும். அந்தச் சட்டங்கள் இருக்கும் இடத்தில்தான் தாவுலின் சுவர் இருந்திருக்க வேண்டும்.